பட்டையக்காவுக்கு வந்த செய்தி

காட்டு விலங்குகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, அவை எங்கே திரிகின்றன, எப்போது படுக்கின்றன என்று கவனிக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பட்டையக்கா என்று பெயர். தோல்வாரை அளந்து அறுப்பது, பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் அடைப்பது, வாருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையுமா என்று பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கரடி பெருத்தால் பட்டை இறுக்குமே, நரி இளைத்தால் நழுவுமே என்று பெற்ற தாயைவிட அதிகமாகக் கவலைப்படுவாள்.

புதுப்பட்டை காட்டுக்குப் போகுமுன் யாராவது மனிதர் அதைச் சில நாள் சுமந்து சோதிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற மற்றவர்களுக்கு வெட்கம். பட்டையக்கா அந்த வேலையைக் கூச்சமில்லாமல் புருஷன் தலையில் கட்டிவிட்டாள்.

அவர் லாரி ஓட்டியவர். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தார். பட்டை இடுப்பில் இருந்தால் மனுஷன் நடமாடுகிறாரா என்று தனக்கும் தெரியுமே என்பது அவள் கணக்கு. மத்தியானம் அவர் போன் செய்து சாப்பிட வருகிறாயா என்பார். மானுக்குப் பட்டை முடியவில்லை என்று வைத்துவிடுவாள். மறுநாளும் கேட்பார். மறுநாள் ஓநாய்க்கு முடிந்திருக்காது.

பட்டை வெகுநேரம் அசையாமல் கிடந்தால் விலங்கு இறந்துவிட்டது என்று போனுக்குச் செய்தி வரும். முக்கால்வாசி நேரம் பட்டைதான் எங்காவது கழன்று கிடக்கும். முதல்ல போய்ப் பார்த்துட்டு அப்புறம் அழுங்க என்று காட்டுக்குப் போகிறவர்களுக்கு அவளே பாடம் எடுப்பாள். புருஷன் விஷயத்தில் அந்தச் செய்தி வந்ததே இல்லை. அவர் விடுகிற குறட்டைக்கே பட்டை குலுங்கும்.

அன்று வந்தது. போன் செய்தாள், எடுக்கவில்லை. எடுத்த பாடம் எல்லாம் எங்கே போனதோ, கையிலிருந்த கத்தரிக்கோலோடு ஆட்டோவில் ஏறி வழியெல்லாம் அழுதாள்.

வீட்டில் பட்டை சோபாவில் கிடந்தது. பக்கத்தில் போன். அவரைக் காணோம். மூச்சிரைக்க மொட்டைமாடிக்கு ஓடினால், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் மெல்ல நழுவினார்.

"செத்துட்டீங்கன்னு செய்தி வந்துச்சுங்க" என்றாள்.

அவர் சிரித்தார். குளிக்கக் கழற்றியது, அப்படியே மறந்துவிட்டது என்றார். பிறகு காயைக் கையில் உருட்டிக்கொண்டே, "உயிரோட இருக்கேன்னு தினம் நானே போன் பண்ணேன். அதுக்கு நீ வரவே இல்லையே" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல."