எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது

“இங்கிலீசு படிச்சு ஆரோடயடி கதைக்கப் போறாய்? மீனோடயோ?”

நான் உயர்தரம் பாஸ் பண்ணிய அன்று சித்தப்பா கேட்டது. சல்லி என்கிற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரில், மீன் கதைத்தால் நானும் கதைப்பேன் என்றேன். இப்போது ஓர் ஓலைக் கொட்டிலில் ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ரியூசன் எடுக்கிறேன். திமிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது... முழுக்க இல்லை.

போன வாரம் எதிர்காலம் பற்றிய பாடம்.

தமிழில் ‘வருவேன்’ என்றால் பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்தது. இங்கிலீஷுக்கு அது போதாது. வாக்குக் கொடுத்தால் ‘வில்’. முகில் கறுத்திருப்பதைப் பார்த்து மழை வரப்போகிறது என்றால் ‘கோயிங் டு’. கலியாண மண்டபம் பேசியாகிவிட்டதா? இப்போதே நடந்துகொண்டிருப்பது போலச் சொல்லலாம். பஸ் நேரசூசி என்றால் சாதாரண நிகழ்காலமே போதும் — நாளைக் காலை கண்டி பஸ் ஆறு மணிக்குப் புறப்படுகிறது. அவ்வளவு நிச்சயமாம். சண்டை என்று ராணுவம் தம்பலகாமத்தோடு பஸ்ஸைத் திருப்பி அனுப்புகிற காலத்தில் இதை எந்த முகத்தோடு படிப்பிப்பது?

பயிற்சியில் ஒரு கேள்வி: உன் அப்பா நாளைக்கு என்ன செய்வார்?

பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். கடலுக்குப் போகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று எங்கள் வீடுகளில் கேட்பதில்லை. கேட்டால் சகுனப் பிழை. என் அம்மாவும் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா “வாறன்” என்பார்; அம்மா “ஓம்” என்பார். அவ்வளவுதான். ஆனால் பரீட்சையில் கேட்பார்களே?

வசந்தி மட்டும் எழுந்தாள். வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான். அப்பா கடலில் நிற்கிறார், நாளைக்குத் திரும்பி வருவார் என்று ஒரு பிழையும் இல்லாத இங்கிலீஷில் சொன்னாள். நான் கைதட்டினேன்.

மறுநாள் அவள் அப்பா வரவில்லை. பாடம் நடந்த அன்றிரவு கடல் பக்கம் துவக்கு வெடிச் சத்தம் கேட்டது என்கிறார்கள். மீன்பிடி போட்டும் இல்லை, ஆளும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வசந்தியின் அம்மா கொட்டிலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“நீங்களும் கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைதானே ரீச்சர்? கேட்டதும் இல்லாமல், பிள்ளையைக் கொண்டு சொல்லவும் வைச்சிட்டியள்.”

வசந்தியைக் கையில் பிடித்துக் கூட்டிப் போனார். அடுத்த நாள் மற்றப் பிள்ளைகளும் வரவில்லை. டிசம்பரில் பரீட்சை. வசந்தி இப்போது அம்மாவோடு கருவாடு காயப் போடுகிறாள். இந்த முறை எழுதாவிட்டால் பிறகு அவள் எழுதவே மாட்டாள். எங்கள் கரையில் அப்படி நின்றுபோன எத்தனை பேரை எனக்குத் தெரியும்...

சகுனத்தை நான் நம்புவதில்லை. ஒரு வசனம் போட்டைக் கவிழ்க்காது. வெடிக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் இதை வசந்தியின் அம்மாவிடம், அந்த அக்காவிடம், போய் எப்படிச் சொல்வது?

ஆனாலும் போனேன். வழியில் ராணுவச் சென்ட்ரியில் மறித்தார்கள். எங்கே போகிறாய், எப்போது வருவாய்? இந்த ஊரில் எதிர்காலத்தை விசாரிக்கிற ஒரே ஆள் துவக்கோடு நிற்கிறார். என்ன ஊர் இது?

அக்கா மீனைக் கீறிக்கொண்டிருந்தார். வசந்தி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. படிப்பை நிற்பாட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“அவர் வருவாரோ ரீச்சர்? உங்கட இங்கிலீசில எண்டாலும் ஒருக்கால் சொல்லுங்கோ.”

எத்தனை விதமாக அதைச் சொல்லலாம் என்று படித்தவள் நான். வாக்குக் கொடுக்க நான் யார்? முகிலைப் பார்த்துச் சொல்லவும் ஏலாது.

அக்கா கத்தியைத் திரும்ப எடுத்தார். இவளைக் கரையை விட்டு எங்கேயும் அனுப்ப ஏலாது என்றார். அப்பா வரும்போது பிள்ளை கரையில் நிற்க வேண்டுமாம். படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நேற்றுக் கரும்பலகையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினேன். சென்ட்ரியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கரையில் அவர்கள் மீன் வைக்கிற குடிசையின், அந்த வாடியின், சுவரில் அதைச் சாய்த்து வைத்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை.

பலகைக்கு முன்னால் கிடந்த கருவாட்டுப் பாயை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.