வலிப்புக்குக் காத்திருப்பவள்

எது வரக்கூடாது என்று ஊரே வேண்டிக்கொள்கிறதோ, அது சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் ஆலியின் பிழைப்பு. நெதர்லாந்தின் வடக்கில் வலிப்பு நோய்க்கென்றே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மாத்திரைக்கு அடங்காத நோயாளியின் கட்டிலருகே, ஈயக் கூட்டுக்குள் இருக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊசிக்குள் கதிரியக்க மருந்து. வலிப்பு தொடங்கிய அந்தக் கணத்தில் அதைச் செலுத்தினால், மூளையில் அப்போது எந்த இடம் கொந்தளிக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். தீ எங்கே பற்றியது என்று தெரிந்தால்தான் அறுவை மருத்துவர் கத்தியைத் தொடுவார். தாமதித்தால் போச்சு, வீடு முழுக்க எரிகிறது என்று மட்டும்தான் படம் சொல்லும்.

இந்த வேலையில் புத்தகம் படிக்க முடியாது, பின்னல் போட முடியாது. கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியிருக்குமே என்று காலையில் காபிகூடக் குடிப்பதில்லை. காபி இல்லாமல் ஒருத்தி காலையைக் கழிக்கிறாள் என்றால் அந்த ஊரில் டாக்டரைத்தான் கூப்பிடுவார்கள். பார்த்துப் பார்த்துக் கண்ணும் கெட்ட பழக்கம் பிடித்துவிட்டது. பிறந்தநாள் வீடுகளில் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, எதிரில் இருப்பவரையே கண் கொட்டாமல் பார்ப்பாள். "எனக்கு ஒண்ணும் வராது ஆலி, நீ கேக்கைச் சாப்பிடு" என்பாள் மைத்துனி.

அன்று கட்டிலில் இருந்தவன் டவ்வே. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக்காரன், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவன். அவன் டிராக்டரைத் தொட்டே பல வருடமாகிறது. கைக்குழந்தையான மகளைத் தனியாகத் தூக்கக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவன் சொந்த மகளைக் கொஞ்ச முடியாது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. அதற்கு ஒரு நல்ல படம் வேண்டும்.

முந்தின நாள் எடுத்த படம் உருப்படவில்லை. மனைவி நீன்கே காபி குடிக்கப் போயிருந்தாள். "சிஸ்டர், அந்த ஜன்னல் தொறந்திருக்கா பாருங்களேன்" என்றான் டவ்வே. ஆலி திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதற்குள் அவன் வலிப்புக்குள் போய்விட்டிருந்தான். மருந்து பிந்தித்தான் போயிற்று. படத்தில் மூளையின் இரு பக்கமும் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது. அதை வைத்துக்கொண்டு எவரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

ஆலிக்குத் தன்மேல் அப்படியொரு எரிச்சல். ஜன்னலாம், ஜன்னல்!

இன்றுதான் கடைசி நாள். வலிப்பை வரவழைக்கவென்று மாத்திரையைக் குறைத்து வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் அப்படியே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒரே ஒரு ஊசி, அதன் வீரியமும் மதியம் தாண்டினால் இறங்கிவிடும். இன்று தவறினால் அடுத்த முறை வசந்தத்தில்தான்.

"என்ன சிஸ்டர், இப்படி முறைக்கிறீங்க?" என்றான் டவ்வே. தலை முழுக்க ஒட்டியிருந்த கம்பிகளுக்குக் கீழே சிரித்தான். "கன்னு போடப்போற பசுவை இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா போடவே போடாது. நாம காபி குடிக்க உள்ள போகணும். அந்த நேரம் பார்த்துப் போட்டு வச்சிருக்கும்."

"நான் போக மாட்டேன். நீங்க போட்டாதான் நான் வீட்டுக்குப் போறது."

"கேட்டியா நீன்கே, சிஸ்டருக்கு என்மேல எவ்வளவு ஆசை!"

"வேற யாருக்கு இருக்கும்?" என்றாள் நீன்கே. மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே வற்றிப்போயிற்று. மணி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆலியின் கட்டைவிரல் ஊசியின் மேலேயே இருந்து மரத்துவிட்டது.

டவ்வேயின் கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். வலிப்புக்கு முன்னால் அவனுக்குப் பால் தீய்ந்த வாசனை வரும். வந்ததும் அழுத்த வேண்டும். முந்தின நாள் அவன் அதை அழுத்தவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தான்.

"நீன்கே," என்றான் சாதாரணமாக, "போய் ஒரு காபி குடிச்சிட்டு வாயேன். எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கே."

"ஆமா, கால் மரத்துப் போச்சு" என்று அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவள் அப்படியே நின்றாள். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டர்... வந்துடுச்சு."

"என்ன வந்துச்சு?" என்றாள் ஆலி, டவ்வேயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நேத்தும் இப்படித்தான் என்னைக் காபிக்கு அனுப்பினான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதேதான்! நான் காபியோட வர்றதுக்குள்ள தரையில கிடப்பான். நான் ஒரு மடச்சி, என்மேல அக்கறைன்னு நினைச்சுட்டேன்!"

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பக்கத்து அறையில் மூளை அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த யுர்ரேயின் குரல். "ஆலி, திரையில ஒண்ணுமே இல்லை. அலை சுத்தமா இருக்கு. போட்டுடாதே, பொறு."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் டவ்வே. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பொத்தானும் உள்ளே போயிற்று.

இப்போது போட்டு வலிப்பு வராவிட்டால், இருக்கிற ஒரே ஊசியும் வீண். போடாமல் விட்டு, வலிப்பு வந்துவிட்டால் நேற்றைய கதைதான்.

"டவ்வே, என்னைப் பாருங்க. பால் தீயுதா?"

அவன் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது. அது நோயின் சிவப்பல்ல, வெட்கத்தின் சிவப்பு. ஆலி ஊசியை அழுத்திவிட்டாள்.

"ஐயோ ஆலி!" என்றது ஒலிபெருக்கி.

ஒன்றும் நடக்கவில்லை. டவ்வே சும்மா படுத்திருந்தான். தொலைத்தேன், ஒரு குடும்பத்தையே தொலைத்தேன் என்று ஆலி நினைத்தாள். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் அவன் இடது கை மெல்ல வெளியே வந்து போர்வையின் ஓரத்தைக் கிள்ளத் தொடங்கியது. வாய் எதையோ மென்றது. கண் நிலைகுத்தியது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! இப்பத்தான் திரையில கிளம்புது!" என்று கத்தினான் யுர்ரே.

நீன்கே ஓடிவந்து கட்டிலருகே நின்றாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை.

சாயங்காலம் டாக்டர் படத்தோடு வந்தார். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த படத்தை இதிலிருந்து கழித்துப் பார்த்ததில் வலது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் இடம்தான் ஒளிர்ந்தது. "இதை வச்சு நாங்க பேச ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த ஊர் டாக்டர் அப்படிச் சொன்னால் அது பெரிய சந்தோஷம்.

அவர் போனதும் டவ்வே மனைவி பக்கம் திரும்பினான். ஆலி அவன் கையிலிருந்த மருந்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த நேரத்துல நீ காபிக்குப் போகலையா?" என்றான் அவளிடம்.

"போகல."

"அப்போ எல்லாம் பார்த்துட்டே."

"பார்த்தேன்."

"ரொம்ப அசிங்கமா இருந்துச்சா?"

நீன்கே அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பசு அசை போடுமே, அந்த மாதிரி மென்னுக்கிட்டு இருந்தே. அவ்வளவுதான்" என்றாள். "இதுக்காடா என்னை இத்தனை வருஷம் வெளியே அனுப்பினே?"