பஞ்சுக் கடையில் ஒரு ராக் ஆல்பம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், அடித்துத் தைத்துக் கொடுப்பதற்காகப் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்தேன். பழம்பஞ்சு வாசனையோடு நகத்தளவு பிளாஸ்டிக் முக்கோணம் ஒன்று விழுந்தது. கிட்டார் கம்பியை மீட்டுகிற துண்டு. தனியாகச் சிரித்துவிட்டேன். அது என் கடையில் விற்ற மெத்தை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு மெத்தைக் கடை இருந்த காலம். எப்போது பார்த்தாலும் கரண்ட் கட். எதிர்த் தெரு ரவி கிட்டார் வாசிப்பான். அவன் சிநேகிதன் ஸ்டான்லி பாடுவான். ஹார்ட் ராக்காம். மிக்சியில் ஆணியைப் போட்டு அரைத்தது போல இருக்கும். ரவியின் வீட்டுக்காரர் விரட்டியதும், மெத்தை அடுக்கினால் சத்தம் வெளியே போகாது என்று என் கடைக்கு வந்துவிட்டார்கள். முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் பஞ்சடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கரண்டை அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

அங்கே பதிவு செய்த ஆல்பம் முடிய ஒரே பாட்டு பாக்கி இருந்தபோது, ஸ்டான்லி சிங்கப்பூரில் வேலைக்கு ஒப்புக்கொண்டது தெரிந்தது. ரவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரவி பேச்சை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை விமானம். விட்டால் அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நடுவே ஆளுயர மெத்தைச் சுவர். இந்தப் பக்கம் கிட்டார், அந்தப் பக்கம் பாட்டு. சுற்றிச் சுற்றி நடப்பது நான்.

“பாய், கொஞ்சம் வேகமாப் பாடச் சொல்லுங்க அந்த சிங்கப்பூர்க்காரன.”

போய்ச் சொன்னேன்.

“அவன் வாசிச்சா பல்லு கூசுது பாய். அப்படியே போய்ச் சொல்லுங்க.”

யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. சுவரைச் சுற்றி வருவதற்குள் நாக்கு புரண்டுவிட்டது.

“ஸ்டான்லி தம்பிக்கு உடம்பு சிலிர்க்குதாம்.”

“நெசமாவா பாய்?”

சத்தியம் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். ரவி கிட்டார் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். பிறகு வாசித்தான் பாருங்கள், பொய் சொன்ன எனக்கே சிலிர்த்தது. ஸ்டான்லி தொண்டை கிழியப் பாடினான். பாட்டு முடிந்த கையோடு கரண்ட் போனது.

ரவி மெத்தைச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனான்.

“டேய் மச்சான், உடம்பு சிலிர்க்குதுன்னு பாய்கிட்ட சொன்னியாமே?”

ஸ்டான்லி என்னைப் பார்த்தான். நான் இருட்டில் ஊசிக்கு நூல் கோக்க ஆரம்பித்தேன்.

“ஆமாண்டா, சொன்னேன்,” என்றான். “ஊருக்குப் போறதத்தான் சொல்லல. தப்புதான்டா.”

“போடா பேமானி,” என்று ரவி அவனைக் கட்டிக்கொண்டான்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மெத்தைகள் பிளாஸ்டிக் சுற்றி லாரியில் வருகின்றன. அந்த ஆல்பத்தின் சிடியைப் போட்டுக் கேட்க என் வீட்டில் பெட்டியில்லை. ரவியும் ஸ்டான்லியும் வீடியோ போனில் நேராகவே திட்டிக்கொள்கிறார்கள். நடுவில் நடக்கிற வேலைதான் எனக்குப் போய்விட்டது.

எழுதியது: ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.