காற்று பார்க்கும் காகிதம்

ஏசி காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க, டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்துத் தூக்கிப் பிடிப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதையே ஒரு ஜப்பான்காரர் செய்ததை மஸ்கட்டில் நான் வேலை பார்த்த கிளப்பின் டேபிள் டென்னிஸ் ஹாலில் பார்த்தேன். மேசைக்கு மேல் கையை நீட்டி, காகிதம் ஆடுவதையே கவனித்துக்கொண்டு நின்றார். கிளப் புதிதாக ஒரு ஏசி டெக்னீஷியனைப் பிடித்து வந்துவிட்டது, என் வேலைக்கு வேட்டுதான் என்று நினைத்தேன். அவர் சம்பளத்துக்கு ஆட வந்தவர் என்று பிறகுதான் சொன்னார்கள்.

அவர் ஆட்டத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டும். மேசையை விட்டு நன்றாகப் பின்னால் போய் நின்று, எதிராளி அடிக்கிற அடியையெல்லாம் கீழ்நோக்கி வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவார். அடிக்கிறவன் அலுத்துப்போய்த் தப்பு செய்ய வேண்டும்; அதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பந்து மெதுவாக மிதந்து போகும். மெதுவாகப் போகிற பந்தைக் காற்று லேசாகத் தள்ளிவிடும். அதனால் மேசைக்கு நேர் மேலே ஏசி காற்று வருகிற இரண்டு கிரில்களையும் எப்போதும் அடைத்தே வைத்திருப்பேன். பயிற்சிக்கு வந்ததும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, “விண்ட் மாஃபி, பாய்?” என்பார்; காற்று இல்லையே என்று கேள்வி. “மாஃபி, சார்” என்பேன். பெரும்பாலான நாட்களில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். ஊரில் ஒரு கம்பெனி அணி, பிறகு ஜெர்மனி, பிறகு போலந்து, கடைசியில் இங்கே. ஒவ்வொரு கான்ட்ராக்டும் முந்தியதைவிட ஒரு படி கீழே. நானும் ஷரஃபியா, சோஹார், இப்போது மஸ்கட்டில் ரூவி என்று வேலை பார்த்த இடங்களின் கணக்கைச் சொன்னேன். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்வேன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். “சேம், சேம்” என்றார். அந்த சீசனில் கோப்பை கிடைத்தால்தான் கான்ட்ராக்ட் நீளும் என்று மேனேஜர் அவரிடம் சொல்லியிருந்தார். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரையாவது ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. கால் அதற்கு மேல் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

இறுதிப் போட்டியில் இரண்டு அணிகளும் சமமாக நிற்க, கடைசி ஆட்டம் அவருடையதாக வந்தது. இடைவேளையில் எங்கள் சென்னைக்கார மேனேஜர் ஓடி வந்தார். “யோவ், கெஸ்ட்டுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டுது. எல்லா கிரில்லையும் திறந்து விடுய்யா, யல்லா!”

“சார், பந்து ஆடும்.”

“பந்தா உனக்குச் சம்பளம் குடுக்குது?”

ஏணியில் ஏறித் திறந்துவிட்டேன். ஜப்பான்காரர் வழக்கம்போலக் காகிதத்தைப் பிடித்தார். அது சுவர்ப்பக்கம் சாய்ந்து துடித்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். நடுவரிடம் கையைத் தூக்கிச் சொல்லப்போகிறார், எல்லார் கண்ணும் ஏணியோடு நிற்கிற என் மேல் விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆடப் போனார். மிதந்து போன பந்துகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வெளியே விழுந்தன. தோற்றுப்போனார்.

வராந்தாவில் அவரைப் பிடித்து, நடுவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “போத் பிளேயர், சேம் விண்ட், பாய்” என்றார். பக்கம் மாறி மாறித்தான் ஆடினார்கள், வாஸ்தவம். ஆனால் ஓங்கி அடிக்கிறவன் பந்தைக் காற்று என்ன செய்யும்? அது அவருக்குத் தெரியாதா? ஐஸ் பையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தவர் நின்று, “யுவர் ஜாப் ஓகே?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கேட்டேனா உம்மிடம்? அவர் சொல்லியிருந்தால் மேனேஜர் பழியை என் மேல் போட்டிருப்பார், எனக்கு வேலை போயிருக்கும், ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்படி ஒருவருடைய கடைசி சீசனைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்திருக்காது. அந்த வாரமே அவர் விமானம் ஏறிவிட்டார். மகள் படிப்பு என்ன ஆயிற்றோ, தெரியாது.

நான் இன்னும் ரூவியில்தான் இருக்கிறேன். “எப்பம் வருவிய?” என்று மனைவி கேட்பதுகூடக் குறைந்துவிட்டது. ஏணி ஏறினால் இப்போது எனக்கும் முழங்கால் வலிக்கிறது. போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்கு ஏசி சர்வீஸ் பார்க்கப் போனேன். மூலையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, மேலெல்லாம் தூசி. எதற்கென்று தெரியாமலே அதற்கு மேல் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்தேன். ஆடியது. மறுபடி ஏணியில் ஏறி மேசைக்கு மேலே இருந்த கிரில்லை அடைத்தேன். கீழே சூப்பர்வைசர், “அங்க யாரும் ஆடறதில்ல பாய், கலாஸ் பண்ணுங்க, முடிச்சிட்டு இறங்குங்க” என்றார்.

இறங்கி வந்து மறுபடி பிடித்துப் பார்த்தேன். காகிதம் நேராகத் தொங்கியது.

“மாஃபி, சார்” என்றேன்.