மலையைத் தொலைத்த மெமரி காப்பி

கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னலில், மெமரி காப்பி என்பது ஓரிடத்து பைட்டுகளை இன்னோரிடத்தில் அப்படியே எழுதிவைக்கும் வேலை. கேட்கச் சுலபம், அதனால்தான் இத்தனை பேர் சீரழிகிறோம். அநியாயம் நடந்தது எனக்கு. எங்கள் துறையில் பாடத்துக்காக ஒரு குட்டிக் கெர்னல் வைத்திருக்கிறார்கள். அதில் என் காப்பி ஃபங்ஷன் ஏறினால்தான் என் ப்ராஜெக்ட் தேறும். கைடு அதை மூன்று முறை திருப்பிவிட்டார். சகபாவிகளே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நானூறு மடங்கு

முதல் வாரமே அதில் ஏற்கெனவே இருந்த பழைய ஃபங்ஷனைவிட நானூறு மடங்கு வேகம் காட்டினேன். லேப் முழுக்க ஸ்வீட்டும் கொடுத்தாயிற்று. என் ப்ராஜெக்ட் ஜோடி ஷபானாவுக்கு மட்டும் சந்தேகம்; தோண்டிப் பார்த்தாள். அந்த நகலை யாரும் படிக்கப்போவதில்லை என்று கண்டுகொண்ட கம்பைலர், அதாவது நான் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள், காப்பி செய்கிற வரியையே தூக்கி எறிந்திருந்தது. நான் அளந்தது ஒன்றுமே நடக்காத நேரத்தை! "தப்பு கம்பைலர் மேலதாங்க சார்" என்று அரை மணி நேரம் வாதாடினேன். கைடு கேட்டார்:

"தொப்பூர் கணவாய் எறங்காமலே சேலம் போயிட்டேங்கிறியே, மொதல்ல பஸ்ஸுல ஏறினியாம்மா?"

எட்டெட்டாக

ஒவ்வொரு பைட்டாக எடுத்தால் ஆமை வேகம். எட்டெட்டாக அள்ளினேன். இந்த முறை நிஜமான வேகம்! கைடு முன்னால் சோதித்துக் காட்ட, ஷபானா ஆங்கில எழுத்தில் தீர்த்தமலை என்று அடித்தாள். பதின்மூன்று எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட். எட்டு போய்ச் சேர்ந்தது. மிச்சம் ஐந்தை யார் தூக்குவது என்று நான் எழுதவே இல்லை. திரையில் 'தீர்த்த' மட்டும் நின்றது. எட்டின் மடங்கில் பேர் வைக்காதது ஊர்க்காரர்கள் குற்றம் என்றேன். ஷபானா விடவில்லை:

"தீர்த்தம் வந்துருச்சு, அம்மாம் பெரிய மலைய எங்கடி உட்ட?"

பண்ணாத காப்பி

மிச்ச ஐந்துக்கும் வழி செய்தேன். இரண்டரை மடங்கு வேகம், ஒரு பைட் சிந்தவில்லை. ஷபானாவே ஒப்புக்கொண்டாள். கைடு அப்போதும் சேர்க்கவில்லை. கெர்னலைத் திறந்து பார்த்தால், என் ஃபங்ஷன் உட்கார வேண்டிய இடத்தையே அழித்துவிட்டிருக்கிறார்! டேட்டா இருக்கும் முகவரியைச் சொன்னால் போதுமாம், நகலே வேண்டாமாம், அதுதான் இருப்பதிலேயே வேகமாம்.

பொறுக்கவில்லை. "ஏங்க சார், நான் காப்பி பண்ணாதப்ப அது குத்தம், நீங்க பண்ணாதப்ப அது திறமைங்களா?" லேப்பே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசியில் தந்த பதில்:

"நீ பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் பண்ணல, நான் பண்ணலன்னு சொல்லிட்டுப் பண்ணல, இந்த வித்தியாசத்த ரிப்போர்ட்ல மொதப் பக்கம் எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."