அப்பா கத்தாத ஆட்டம்

ரக்பி நாட்டில் இருந்துகொண்டு அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிறவனை எங்கள் சனம் விசரன் என்றுதான் சொல்லும். சொல்லட்டும். எங்கள் அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் நான்தான். பந்து கைக்கு வந்ததும், என் எலும்பை முறிக்கவென்றே ஓடிவருகிற எருமைகளைப் பார்க்காமல், பந்தைப் பிடிக்கத் தூரத்தில் ஓடும் எங்கள் ஆளை மட்டும் பார்க்க வேண்டும். கவனம் சிதறினால் வாயில் புல்லும் ரத்தமும்தான்.

பாபகூரா மைதானத்தில் எத்தனை பேர் ஆங்கிலத்தில் கத்தினாலும் எனக்கு அது மழைச் சத்தம். அப்பாவின் தமிழ் மட்டும் காதைக் கிழித்துக்கொண்டு வரும். ஞாயிறு பூசைக்குப் போட்ட சப்பாத்தோடு நேரே வந்து, எல்லைக் கோட்டோரம் நின்று ஊருக்கே கேட்கக் கத்துவார். எங்கள் வீட்டில் அப்பாவை இரண்டாம் தரம் கூப்பிட விடக்கூடாது. உடனே திரும்பி "ஓம் அப்பா" என்று சொல்ல வேண்டும். பிந்தினால் முதுகில் விழும். அப்படி அடித்துப் பழக்கிய கழுத்து, தலைக்கவசத்துக்குள் இருந்தாலும் திரும்பும்.

அரையிறுதியில் திரும்பியது. "தம்பி! இடப்பக்கம்! இடப்பக்கம் பார்!"

நான் இடப்பக்கம் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். "ஓம்" என்று வாயெடுத்ததுதான் தாமதம், இடப்பக்கத்தால் பாய்ந்து வந்த எதிரணிக்காரன் விலாவில் இடித்து, தூக்கி, நிலத்தில் அறைந்தான். மூச்சு நின்றது. ரத்தத்தைத் துப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.

எப்படியோ வென்றோம். இறுதியாட்டத்தில் என்னைப் பார்க்கவென்று அவுஸ்திரேலியாவிலிருந்து ஓர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் சம்பளத்தோடு விளையாடலாம். இல்லாவிட்டால் ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் பெட்டி அடுக்குவதுதான் கதி.

காருக்குப் போனதும் வெடித்தேன். "உங்கடை வாயாலைதான் நான் சாகப்போறன்! இனிக் கத்துறதெண்டால் கிரவுண்டுப் பக்கம் வராதேங்கோ!" கதவில் ஓங்கிக் குத்தினேன். தகரம் நெளிந்தது. என்னை அடித்து வளர்த்த மனுசன் "சரி" என்று மட்டும் சொன்னார்.

இறுதியாட்டத்துக்கு வந்து, அதே இடத்தில் வாய்மூடி நின்றார். நிம்மதி என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி! பந்து கைக்கு வரும்போதெல்லாம் காது அவர் பக்கம் போனது. ஏன் கத்தவில்லை? கோபமோ? எங்கள் ஆள் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறான், நான் இல்லாத சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். பந்தை எதிரணிக்காரனின் நெஞ்சுக்கே எறிந்தேன். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்து, என்னைத் தூசணத்தால் குளிப்பாட்டினார்.

அடுத்த பந்து வந்தபோது எனக்கு வெறி பிடித்திருந்தது. அப்பாவும் வேண்டாம், ஆண்டவனும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் ஆளை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு முதல் தடவையாக மனம் ஒரே இடத்தில் நின்றது. எறியக் கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

இடப்பக்கத்தால் வந்தவனை நான் காணவேயில்லை. முழங்கால் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நாய் மாதிரி ஊளையிட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது அப்பா பக்கத்தில் ஓடிவந்தார். அவருடைய கீழுதடு பிளந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவரே கடித்திருந்தார்.

"அவன் வாறதைக் கண்டனான் தம்பி," என்றார். "நீதானே கத்த வேண்டாம் எண்டனீ."