மூன்று மிஸ்டு கால்கள்

வேன் அண்ணன் அந்தப் போனை என்னிடம் நீட்டியபோது அது ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தது. மேலே ரப்பர் பேண்டு வேறு. மழைக்காலம்கூட இல்லை, வேர்வை பட்டுவிடக் கூடாதென்று அப்படிச் சுற்றி வைத்திருந்தார். தொடுதிரைப் போன்கள் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்திருந்த காலம் அது. பையைப் பிரித்து, சட்டை நுனியால் திரையை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் என் கையில் வைத்தார். பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அந்த அரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். குமணன்சாவடியில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு பிடித்திருந்தோம். காலை எட்டு மணிக்கு ஜங்ஷனுக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதை ஓட்டியவர்தான் வேன் அண்ணன். குத்தம்பாக்கத்துக்காரர். அப்பா காலம்வரை விவசாயம். இவர் ஸ்டியரிங் பிடித்துவிட்டார். கம்பெனி ஆளும் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். இன்று வா என்றால் வர வேண்டும், நாளை வராதே என்றால் வீட்டில் உட்கார வேண்டும். நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு அது பெரிய உறுத்தலாக இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என் இடம் என்பதால் போகவர அவர் பேச்சுக்கெல்லாம் நான்தான் காது.

எனக்கு அந்த நாளில் போன் பைத்தியம். போனோடு வரும் மென்பொருளைத் துடைத்துவிட்டு, எந்த நாட்டிலோ எவனோ பொழுதுபோகாமல் செய்து இணையத்தில் போட்டிருக்கும் வேறொரு மென்பொருளை அதில் ஏற்றுவோம். அதற்கு ரோம் என்று பெயர். நல்லபடி ஏறினால் பழைய போன் குதிரையாக ஓடும். தவறினால் செங்கல்தான், லேசில் உயிர் வராது. என் போனை இரண்டு தடவை செங்கல்லாக்கி, இரண்டு தடவையும் பிழைக்க வைத்திருக்கிறேன். ஆபீஸில் என்னைப் ‘போன் டாக்டர்’ என்பார்கள். அந்தப் பட்டம் கிடைத்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேன் அண்ணனின் போனுக்கு வந்த சீக்கு சாதாரணமானது. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுக்கப் போனால் திரை உறைந்து நிற்கும். “தம்பி, இத்த கொஞ்சம் பாரேன். அடிக்கறப்போ இழுத்தா இழுக்க மாட்டேங்குது. வேலப்பன்சாவடி காலேஜ் ஒண்ணுல பஸ் ஓட்ட ஆள் எடுக்கறாங்கோ. பர்மனென்ட்டு. வேலை செய்றவங்க புள்ளைக்கு அங்கியே சீட்டும் தருவாங்களாம். எம்பொண்ணு பன்னெண்டாவது முடிக்கறா. போய் பாத்துட்டு வந்துட்டேன். வர்ற வாரம் போன் பண்றேன், வந்து வண்டிய ஓட்டிக் காட்டுன்னு அங்க மேனேஜரு சொல்லிக் கீறாரு. அந்த நேரம் பாத்து இது மக்கர் பண்ணா இன்னா பண்றது?” என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தப் போனில் வேண்டாத விளையாட்டுகளும் படங்களும் நிரம்பிக் கிடந்தன. அவற்றை அழித்திருந்தால் போதும், வேனிலேயே பத்து நிமிட வேலை. ஆனால் அந்த மாடலுக்கென்று புதிதாக ஒரு ரோம் வந்திருப்பதை நான் இணையத்தில் பார்த்திருந்தேன். என்னிடம் அந்த மாடல் இல்லை. ஏற்றிப் பார்க்க ஒரு போன் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. “விடுங்கண்ணா, ஞாயித்துக்கிழமை உக்காந்து புதுசாவே ஆக்கிடுறேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ரோமைச் செய்தவன் நேர்மையானவன். என்னென்ன குறை இருக்கிறது என்று கீழே பட்டியல் போட்டிருந்தான். அதில் மூன்றாவதோ நான்காவதோ, போன் நெடுநேரம் தொடாமல் கிடந்தால் சில அழைப்புகளுக்கு மணி அடிக்காமல் போகலாம், அடுத்த பதிப்பில் சரியாகும் என்று இருந்தது. படித்தேன். படிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. என் நண்பர்களுக்கு மட்டுமல்ல, எனக்குமே போன் என்றால் வேகம், நிறம், சிப்பில் எத்தனை கோர் என்கிற கணக்குத்தான். எனக்கு வாரத்துக்கு ஒரு தடவை அம்மா கூப்பிடுவாள். மணி அடிப்பதெல்லாம் எங்கள் பட்டியலில் கடைசி. ஏற்றி முடித்ததும் என் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்தது. திருப்தியாக எடுத்து வைத்தேன். கம்பெனியில் எனக்கு என்ன வேலை தெரியுமா? மென்பொருளைச் சோதிப்பது. அப்போதுதான் தொட்ட போனைக் கூப்பிட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான்.

திங்கள்கிழமை போனைக் கொடுத்தபோது அண்ணனுக்கு வாயெல்லாம் பல். “யப்பா, இன்னா ஸ்பீடு! தம்பி கைல மந்திரம் கீதுப்பா!” என்று வேனில் ஏறிய ஒவ்வொருவரிடமும் காட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை, ரோம் என்றால் என்னவென்று பாடம் நடத்திக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடு திரும்புகிறோம். சிக்னலில் வேன் நின்றது. மணி பார்க்க அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் காலேஜ் நம்பர், மூன்றும் மத்தியானத்துக்குள் வந்தவை. பச்சை விழுந்ததும் வேனை ஓரங்கட்டி, இறங்கி நின்று கூப்பிட்டார். ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சார், சார்” என்பதைத் தவிர அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தவர் சாவியைத் திருகவே இல்லை.

“அடுத்த ஆள எட்த்துட்டாங்களாம். கூப்ட்டா போன் எடுக்காத ஆள நம்பி புள்ளைங்கள எப்டி ஏத்தறதுன்னு கேக்கறாரு. நாயமாத்தான கேக்கறாரு?” என்றார். பிறகு தனக்குள் பேசுவதுபோல, “காத்தாலேர்ந்து எஃப்எம்கூட போடலப்பா. பையிலயேதான் வச்சினு கீறேன். எப்டி கேக்காம பூட்ச்சி?”

கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் பரிதாபப்பட்டு, “கை பட்டு சைலன்ட்ல போயிருக்கும்ணா. இந்த டச்சு போன்ல அப்படித்தான் ஆயிடும்” என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். டாக்டர் நான்தானே! “அப்டியா இருக்கும் தம்பி? நான்தான் சைலன்ட்ல போட்டுட்டனா?”

வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. நான் வாயைத் திறந்தேன். “இருக்கலாம்ணா” என்றேன்.

அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. வேனில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் டாக்டர் பட்டம் பறிபோய்விடுமே என்கிற பயம். அவ்வளவு அற்பமான காரணம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, “எல்லாம் என் நேரம்” என்று வண்டியைக் கிளப்பினார். மறுநாள், எதற்கும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று போனை வாங்கிப்போய்ப் பழைய மென்பொருளையே ஏற்றி, குப்பையை அழித்து, நல்லபடியாகக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார் மனிதர். அடுத்த வாரம் ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாமென்று சொல்லக்கூடத் துப்பில்லாமல் வாங்கித் தின்றேன். சில மாதங்களில் வேறு வேலை கிடைத்தது. போகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே நழுவினேன்.

அதன்பின் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. ஆவடியில் வீடு, கல்யாணம், குழந்தை என்று நானும் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன். இப்போதெல்லாம் போனை நோண்டுவதில்லை. போன மாதம் ஒரு வேலையாகப் பூந்தமல்லி போனவன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், தோளில் ஒரு கை விழுந்தது. “தம்பி! இன்னா, அடையாளம் தெர்லியா?” தலை முழுக்க நரைத்திருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. இன்னும் ஒப்பந்த வேன்தான் ஓட்டுகிறாராம். பக்கத்தில் மகள். காலேஜ் போகவில்லை, டிப்ளமோ முடித்து மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். “நம்ம போன சரி பண்ணிக் குட்த்தாரே, அந்த இன்ஜினியர் தம்பிம்மா” என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

“அப்பா சைலன்ட்ல போட்டுச்சே, அந்தப் போனா?” அந்தப் பெண் சிரித்துவிட்டது. “எங்க ஊட்ல அம்மா இன்னும் அத்தயேதான் சொல்லிக்கினு கீறாங்க, அண்ணா. சாவி தொலைஞ்சாலும் அதான், கேஸ் தீந்தாலும் அதான். சைலன்ட்ல போட்ட ஆளுதானேம்பாங்க.” அண்ணனும் கூடவே சிரித்தார். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சிரிப்பு.

போய்விட்டது ஒரு வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டுக்குள் அந்த மனிதர் தினமும் இதைச் சுமந்துகொண்டிருப்பது எனக்கு எட்டவே இல்லை. “அண்ணா, நீங்க சைலன்ட்ல போடல” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரோம், அந்தக் குறைப் பட்டியல், அதை நான் படித்தது, தெரிந்தே ‘இருக்கலாம்’ என்றது. நடுவில் இரண்டு பஸ் வந்து போயின.

திட்டுவார், கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்று நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அப்போ நான் போடலியா?”

“இல்லண்ணா.”

“நெசமா நான் போடலியா?”

“சத்தியமா இல்லண்ணா.”

மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை விட்டிருந்தாள். அவர் போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். பஸ் இரைச்சலுக்கு மேலே, “இந்தா, நான்தான். நான் அன்னிக்கி சைலன்ட்ல போடல. ஆமா, அந்தக் காலேஜ் விசயம்தான். போடல, நான் போடல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பேசி முடித்துப் போனைப் பையில் வைத்தவர் என் முகத்தைப் பார்க்காமல், “சரி சார், உங்களுக்கு நேரமாவுது, நீங்க கெளம்புங்க” என்றார்.